மூன்று நிறக் கைப்பட்டை

தையல்காரியின் வாயை மூட ஒரே வழிதான்: விளிம்பு மடிக்கிற வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். விளிம்பு மடிக்கும்போது ஏழெட்டுக் குண்டூசிகளை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொள்வாள். அந்த நேரம் மட்டும்தான் கடையில் மின்விசிறிச் சத்தம் காதில் விழும். இதைக் கண்டுபிடித்துவிட்ட சில கெட்டிக்காரர்கள், அளவு கச்சிதமாக இருக்கிற உடுப்பைக்கூட “ஒரு விரல் ஏத்திக் குடுங்க” என்று கொண்டுபோவது உண்டு. இடுப்பைத் தளர்த்தவோ கையைக் குறைக்கவோ போனவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் ஆரம்பித்துவிடுவாள்.

எங்கே ஆரம்பித்தாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். மகள்.

மகளுக்கு மைதானத்தில் சம்மட்டி என்று பெயர். பதினெட்டு வயது, அகலமான தோள். ஹாக்கி மட்டையை அவள் வீசினால் சத்தம்தான் முதலில் வரும், பந்தை அப்புறம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயரா இது என்று தையல்காரி முதலில் சண்டைக்குப் போனாள். மூன்றே மாதத்தில், கடைப் பலகையில் எழுதி மாட்டாத குறையாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஆண்டுக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருவான். அலைச் சத்தமே பரவாயில்லை என்று சீக்கிரமே திரும்பிப் போய்விடுகிறான் என்பது தெருக்காரர்களின் கணிப்பு.

அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் தபால்காரர். காலையில் கடிதம் கொடுத்து முடித்துவிட்டு, மாலையில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பதினாறு பெண்களை ஓடவிடுவார். அந்த அணியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால், நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பருவத்தில் வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றிருந்தார்கள். “இன்னைக்கு எத்தனை?” என்று டிப்போ கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கிற தோரணையில் கேட்பார்கள். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளுவார்.

தேறுகிற பிள்ளைகள் அந்த அணியில் இரண்டே பேர். ஒருத்தி சம்மட்டி. இன்னொருத்தி குருவி.

குருவி சித்தப்பா வீட்டில் வளர்கிறவள். அங்கே தட்டுகள் குறைவு, வாய்கள் அதிகம். அதனால் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் தையல்காரி வீட்டில்தான். தையல்காரியை அத்தை என்று கூப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் சொல்லாமலே நூல்கண்டுகளை நிறம் பிரித்து அடுக்கிவைப்பாள். காலையில் பேக்கரியில் ரொட்டித் தட்டு சுமக்கிற வேலை. “எங்க வீட்டுல ரெண்டு பொண்ணு” என்று தையல்காரி வாய் நிறையச் சொல்வாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒன்பதாவது தோல்விக்குப் பிறகு ஒருநாள் தபால்காரர் தன் காக்கிக் கால்சட்டையை ஏற்றித் தைக்கத் தையல்கடைக்கு வந்தார். வரும்போதே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முக்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டார். தையல்காரி கீழே மண்டியிட்டு, வாயில் குண்டூசியோடு, அவர் காலடியில் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அவர் திட்டத்தைச் சொன்னார்.

திட்டம் பெனால்டி கார்னரைப் பற்றியது. எதிரணி தன் கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் தப்பு செய்துவிட்டால் நமக்கு ஒரு பெனால்டி கார்னர். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிடுவாள், அரைவட்டத்தின் விளிம்பில் ஒருத்தி அதை நிறுத்துவாள், இன்னொருத்தி அடிப்பாள். தள்ளிவிடுகிறவள் குருவி. அடிக்கிறவள் சம்மட்டி.

“அடிக்கிறவ தூரத்துல நிக்கிறா. அவளுக்குக் கோல்கீப்பர் எந்தக் கால்ல பாரத்தை வெச்சிருக்கான்னு தெரியாது” என்றார் தபால்காரர். “குருவி கோட்டுப் பக்கத்துலயே நிக்கிறா. அவளுக்குத் தெரியும். அவ பார்த்துச் சொல்லணும், இவ அடிக்கணும். ஆனா வாயால சொன்னா அவங்களும் கேட்டுடுவாங்க.”

அதற்குத்தான் கைப்பட்டை. மூன்று நிறத் துண்டுகளை வளையமாகத் தைத்தது. சிவப்பைப் புறங்கைப் பக்கம் திருப்பினால் கோல்கீப்பரின் இடதுபக்கம். மஞ்சள் என்றால் வலதுபக்கம். கறுப்பு என்றால் இரண்டு கால்களுக்கும் நடுவே. ஒவ்வொரு முறையும் தள்ளுவதற்கு முன்னால் குருவி பட்டையைத் திருப்பிக்கொள்வாள். வியர்வை துடைக்கிற மாதிரி இருக்கும்.

“இது மூணு பேருக்குத்தான் தெரியணும்” என்றார் அவர். “எனக்கு, உனக்கு, இவளுக்கு. டீம்ல மத்தவங்களுக்குக்கூட வேண்டாம்.”

காலடியில் மண்டியிட்டிருந்தவளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. குண்டூசி ஒன்று கொஞ்சம் ஆழமாக இறங்கியது. தபால்காரர் “ஆ” என்று காலைத் தூக்கிக்கொண்டார். மறுநாளே தையல்காரி திரைச்சீலைத் துண்டில் மஞ்சளும், பள்ளிச் சீருடைப் பட்டியில் சிவப்பும், கிழிந்த குடைத் துணியில் கறுப்பும் எடுத்துப் பட்டையைத் தைத்துக் கொடுத்தாள். தையலில் குறை சொல்ல முடியாது. அதை எப்போதும் சொல்ல முடிந்ததில்லை.

பட்டை வந்த பிறகு அணி மூன்று ஆட்டம் ஜெயித்தது. தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. டிப்போ கண்டக்டர்கள் தபால்காரருக்கு வழிவிட்டு நின்றார்கள். அடித்த ஐந்து கோலும் சம்மட்டியின் மட்டையிலிருந்து போனவை என்பதால் தையல்கடையில் யாரும் ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடித்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்கப் பெரிய அணியின் தேர்வாளர் வருகிறார். பெரிய அணி என்றால் விடுதியில் இடம், படிப்பு, வெளிநாட்டுப் பயணம். எடுத்தால் ஒருத்தியைத்தான் எடுப்பார். தையல்காரிக்கு அந்த ஒருத்தி யார் என்பதில் சந்தேகமே இல்லை. மகளுக்கு மூன்று ஜோடி உடுப்பு இப்போதே வெட்டிவைத்துவிட்டாள். தன்னைப்போல இந்தப் பெண்ணும் ஊரார் காலடியில் மண்டியிட்டுக் கிடக்க வேண்டியதில்லை என்று அவள் தினமும் நினைத்துக்கொள்வாள். அது ஒன்றுதான் அவள் வெளியில் சொல்லாத விஷயம்.

கடைசி ஆட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். அந்த அணியின் கோல்கீப்பருக்குப் பீப்பாய் என்று பெயர். பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவள் பேக்கரிக்காரியின் நாத்தனார்.

ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பேக்கரிக்காரி தையல்கடைக்கு வந்தாள், ஒரு பாவாடையோடு. விளிம்பு வேலையாக இருந்திருந்தால் ஒரு கேடும் வந்திருக்காது. ஆனால் அது இடுப்பு வேலை.

“ரெண்டு விரல் தளர்த்தணும்க்கா” என்றாள் பேக்கரிக்காரி.

“போன மாசம்தான ரெண்டு விரல் தளர்த்தினேன்? விக்கிறதுக்கும் கொஞ்சம் ரொட்டி மிச்சம் வைடி.”

“என் இடுப்பைப் பத்தி உனக்கென்ன, அளவை எடு. ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் உன் பொண்ணைக் கவனிச்சுக்குவா.”

“யாரு, அந்தப் பீப்பாயா? அவ குனியறதுக்குள்ள பந்து வலைக்குள்ள போயி படுத்துத் தூங்கிடும்.”

“மூணு சப்பை டீமை ஜெயிச்சதுக்கு இந்தப் பேச்சு! கண்ணை மூடிக்கிட்டே பிடிப்பேன்னு சொல்றா எங்க நாத்தனார். உன் பொண்ணு மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறாளாம். மூளைக்கு அங்க வேலையே இல்லையாம்.”

மூளை என்ற சொல்தான் தையல்காரியைச் சுட்டுவிட்டது. அளவு நாடாவை விசிறிப் போட்டாள். துணி வெட்டுகிற பலகையின் மேல் கிடந்ததையெல்லாம் ஒரு கையால் ஒதுக்கினாள். சாக்குக்கட்டியை எடுத்து ஒரு அரைவட்டம் போட்டாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள்.

“மூளை இல்லையா? இங்க பாரு. இந்தப் பெரிய கோட்டுப் பட்டன் உன் நாத்தனார். இந்தச் சின்ன வெள்ளை குருவி. இதோ, இந்தப் பித்தளை எம் பொண்ணு. வெள்ளை கையைத் திருப்புவா. சிவப்புன்னா இந்தப் பக்கம்! மஞ்சள்னா அந்தப் பக்கம்! கறுப்புன்னா உன் நாத்தனார் காலுக்கு நடுவுல புகுந்து போகும், அவளுக்குக் காத்து அடிச்ச மாதிரிதான் இருக்கும். இது மாடு அடிக்கிறதா? சொல்லுடி!”

பேக்கரிக்காரி பலகையை உற்றுப் பார்த்தாள். கோட்டுப் பட்டனை ஒரு விரலால் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினாள்.

“அடேயப்பா” என்றாள். “மூளைதான்க்கா. பாவாடையை அவசரமில்லாம தை.”

அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் தையல்காரிக்கு ஜெயித்த சூடு ஆறவில்லை. ஆறினதும் கைவேலை ஓடவில்லை. ஒரு சட்டைக் காலரை மூன்று முறை பிரித்துத் தைத்தாள். கடைசியில், ரொட்டி விக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரிந்திருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்கட்டுக்குச் சமைக்கப் போய்விட்டாள். பலகையில் பட்டன்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்தபோது பலகை சுத்தமாக இருந்தது. பட்டன்கள் டப்பாவில் இருந்தன. குருவி வந்து அடுக்கிவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறு பெனால்டி கார்னர் கிடைத்தது. ஆறையும் பீப்பாய் பிடித்தாள். பிடித்தாள் என்பதைவிட, பந்து வருவதற்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தாள். முதல் கார்னரில் சிவப்பு. அவள் இடதுபக்கம் சாய்ந்து நின்றாள். இரண்டாவதில் மஞ்சள், பந்து தள்ளப்படுவதற்கு முன்பே அவள் வலதுகாலை நீட்டிவிட்டாள். தையல்காரி தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பீப்பாயின் கண்கள் எங்கே போகின்றன என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அவை குருவியின் மணிக்கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பின. அங்கே அவள் தைத்த பட்டை இருந்தது.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: “சம்மட்டி, பஞ்சுல செஞ்சதாடி?”

ஆறாவது கார்னருக்கு முன்னால் குருவி தன் இடத்தை விட்டு ஓடிவந்து சம்மட்டியின் காதில் ஏதோ சொன்னாள். சம்மட்டி தலையை ஆட்டினாள். குருவி திரும்பிப் போய்ப் பட்டையில் சிவப்பைத் திருப்பிவைத்தாள். பீப்பாய் இடதுபக்கம் போனாள். வலதுபக்கம் ஒரு மாட்டுவண்டியே போகிற அளவுக்குக் காலியாகக் கிடந்தது. சம்மட்டி இடதுபக்கம்தான் அடித்தாள். பந்து பீப்பாயின் கால் காப்பில் பட்டு வெளியே போனது.

இரண்டுக்குப் பூஜ்யம். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

தேர்வாளர் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். ஆட்டம் முடிந்ததும் தபால்காரரிடம் இரண்டு நிமிடம் பேசினார். தையல்காரி கழற்றிப்போட்ட ஜெர்சிகளை மூட்டை கட்டுகிற சாக்கில் பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டாள்.

“அந்த ஒன்பதாம் நம்பரை அனுப்புங்க” என்றார் தேர்வாளர்.

“ஒன்பதா? அது பந்தைத் தள்ளிவிடுற பொண்ணு சார். அடிக்கிறவ நாலாம் நம்பர்.”

“அடிக்கிறதுக்கு எனக்கு ஏழு பேர் இருக்காங்க. பார்க்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. அந்தச் சின்னப் பொண்ணு கோல்கீப்பரைப் படிக்கிறா. கடைசிக் கார்னர்ல அவ ஓடிப்போய்ச் சொன்னபடி அடிச்சிருந்தா கோல். அவ வராட்டா, சரி, நாலாம் நம்பரைப் பார்க்கலாம்.”

தையல்காரி மூட்டையை இறுக்கிக் கட்டினாள். இரண்டு முறை முடிச்சுப் போட்டாள். அன்று சாயங்காலம் குருவி சாப்பிட வந்தபோது, தலைவலி என்று சொல்லி அடுப்பை மூட்டவில்லை. மகளிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, தான் கேட்டதைச் சொன்னாள். சம்மட்டி மட்டையின் கைப்பிடி நாடாவைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை டிப்போவின் பழைய டயர் அறையில் தபால்காரர் கூட்டம் போட்டார். அந்த அறையைத்தான் அணி தன் அலுவலகமாக வைத்திருந்தது. சம்மட்டியும் குருவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த ஜெர்சிகளைக் குறித்துக்கொள்ள வந்த தையல்காரி மூலையில் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, வாயில் குண்டூசியோடு, கிழிசல்களைக் கூட்டிப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

“அவளுக்குப் பட்டை தெரிஞ்சிருக்கு” என்றார் தபால்காரர். “மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. சம்மட்டி சொல்லியிருக்க மாட்டா. தன் அடியைத் தானே யாராவது காட்டிக்குடுப்பாங்களா? மிச்சம் யாரு?”

“நான் சொல்லல சார்” என்றாள் குருவி.

“நீ சொன்னேன்னு நான் சொல்லலையே.”

“சார்” என்றாள் சம்மட்டி. சத்தம் தாழ்வாக, மரியாதையாக இருந்தது. “தப்பா நினைக்காதீங்க. இவ காலையில பேக்கரியிலதான் வேலை பாக்குறா. பேக்கரியக்காவோட நாத்தனார்தான் கோல்கீப்பர்.”

குருவி திரும்பி அவளைப் பார்த்தாள்.

“அப்புறம் கடைசிக் கார்னர்ல எங்கிட்ட ஓடிவந்தா. ‘பட்டையைப் பார்க்காத, நான் காட்டுறதுக்கு எதிர்ப்பக்கம் அடி, அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு’ன்னா. இவளுக்கு எப்படி சார் தெரியும், அவங்களுக்குத் தெரியும்னு?”

“அவ என் கையையே பார்த்தா சார்! அஞ்சு தடவை பார்த்தா! கண்ணு இருக்கிற யாருக்கும் தெரியும்!”

“எனக்குக் கண்ணு இருக்கு” என்றார் தபால்காரர். “எனக்குத் தெரியல.”

அவருக்கு அது தெரியாமல் போனதுதான் அவர் கோபத்தின் பெரும்பகுதி. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டிக் காத்த அணி கீழே விழுந்து கிடக்கிறது. விழுந்ததற்கு ஒரு ஆள் வேண்டும். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள், சித்தப்பாகூடத் துணைக்கு வராமல்.

மூலையில் தையல்காரிக்குக் காது சுட்டது. மூணு பேர், மூணு பேர் என்று இந்த மனுஷன் இன்னும் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறான். பட்டையைத் தைத்த கை இங்கே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு விரல் மடக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ரோஷமாக வந்தது. அந்த ரோஷத்தின் அடியில், யாரும் பார்க்காத உள்பாக்கெட் மாதிரி, ஒரு பெரிய நிம்மதியும் இருந்தது.

“நீங்க சொல்லுங்கம்மா” என்று தபால்காரர் அவள் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுலதான் இந்தப் பொண்ணு சாப்பிடுது. எப்படிப்பட்டவ?”

குருவியின் முகம் மலர்ந்தது. அத்தை பேசப்போகிறாள். அத்தை பேச ஆரம்பித்தால் யாரால் எதிர்த்து நிற்க முடியும்?

தையல்காரி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஜெர்சியில் குத்தினாள். இந்த ஒரு தடவை நிதானமாகப் பேசினாள்.

“நல்ல பொண்ணுதான் சார். பொய் சொல்லி நான் கேட்டதில்ல. என்ன, பேக்கரிக்காரிக்கு இவன்னா உசுரு. மிச்ச ரொட்டியெல்லாம் இவ பையிலதான் போகும். வாங்கித் தின்ன வீட்டுக்கு விசுவாசம் இருக்கும்ல? சின்னப் புள்ள, விளையாட்டா ஏதாவது சொல்லியிருக்கும். அதுக்குப் போய்…”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அத்தனையும் அளவெடுத்து வெட்டியது.

தபால்காரர் குருவியிடம் கையை நீட்டினார். அவள் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மணிக்கட்டில் வெயில் படாத இடம் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. அன்று மாலையே தபால்காரர் தேர்வாளருக்குக் கடிதம் எழுதினார். ஒன்பதாம் நம்பர் நம்பிக்கைக்கு உரியவள் அல்ல. நாலாம் நம்பரை எடுத்துக்கொள்ளவும். மறுநாள் காலை அந்தக் கடிதத்துக்கு அவரே முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரி அழுதாள். கொஞ்சம் உண்மையாகவே அழுதாள்.

“அது ஒரு பாவமும் அறியாதுடி” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும்” என்றாள் சம்மட்டி.

“என்ன தெரியும்?”

“பலகையில பட்டனையும் சாக்குக்கட்டிப் படத்தையும் பார்த்தேன். துடைச்சு எடுத்துவெச்சது நான்தான். வர்ற வழியில பேக்கரியக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா?”

தையல்காரி அழுகையை நிறுத்தினாள். “அப்போ ஆட்டத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா? நாலு நாள் இருந்துச்சே! நிறத்தை மாத்திக்கச் சொல்லியிருக்கலாமே?”

“ஏன் மாத்தணும்னு கேட்டா, எங்கம்மா உளறிட்டாங்கன்னு சொல்றதா? அப்புறம் சார் என்னை இறக்குவாரா? தேர்வாளர் வர்ற அன்னிக்கு நான் பெஞ்சுல உட்காரவா?” மட்டையைச் சுவரில் சாய்த்தாள். “அதுவுமில்லாம, அந்தப் பீப்பாய்க்குத் தெரிஞ்சாலும் என் அடியைப் பிடிக்க முடியாதுன்னு நினைச்சேன்.”

அந்த வாய் யாருடைய வாய் என்று தையல்காரிக்கு நன்றாகத் தெரிந்தது.

“கடைசி கார்னர்ல? அது எதிர்ப்பக்கம் அடிக்கச் சொல்லுச்சே?”

“எதிர்ப்பக்கம் அடிச்சு கோல் விழுந்திருந்தா, பட்டை வெளிய போயிருக்குன்னு அங்கயே அம்பலமாயிருக்கும். யாருன்னு தோண்டுவாங்க. நீ சும்மா இருக்கிறவளா?” சம்மட்டி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். “இன்னைக்குத்தான் நல்லா பேசினே. அதோட நிறுத்திக்க.”

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. தபால்காரரே கொண்டுவந்து கொடுத்தார், கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தெருவில் எல்லாரும் வந்து வாழ்த்தினார்கள். தையல்காரி ரொம்பக் கொஞ்சமாகப் பேசியதைப் பார்த்து, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று அவர்களாகவே காரணம் கண்டுபிடித்தார்கள்.

சம்மட்டி கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் குருவி கடைக்கு வந்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் அந்தப் படி ஏறவில்லை. கையில் வெள்ளை ஏப்ரன் ஒன்று இருந்தது.

“முழுநேரம் சேர்ந்துட்டேன் அத்தை. இது நீளமா இருக்கு. காலுல தட்டுது.”

தையல்காரி முக்காலியைக் காட்டினாள். குருவி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஏறி நின்றாள். தையல்காரி மண்டியிட்டாள். உள்ளறையில் சம்மட்டி பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது.

“அத்தை” என்றாள் குருவி, மேலேயிருந்து. “பேக்கரியக்கா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. பெரிய கோட்டுப் பட்டன், சின்ன வெள்ளைப் பட்டன், எல்லாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாங்க. வெளிய சொல்ல மாட்டாங்களாம். அவங்க நாத்தனாருக்குச் சிறந்த கோல்கீப்பர்னு கோப்பை குடுத்திருக்காங்களாம், பேரு கெட்டுடுமாம்.”

தையல்காரியின் கை விளிம்பில் அப்படியே நின்றது.

“பெரிய டீம் எல்லாம் வேண்டாம் அத்தை. அவளே போகட்டும். நான் சொல்லலைன்னு சாருக்குத் தெரிஞ்சாப் போதும். நான் போய்ச் சொன்னா, பழியைத் தூக்கி உங்க மேல போடறேன்னு சொல்வார். டிப்போ பக்கம் போனா கண்டக்டர்ங்க ‘எவ்வளவுக்கு வித்தே’ன்னு கேக்குறாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்றீங்களே அத்தை, இதையும் சொல்லுங்க.”

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கோணத்தில் அந்தப் பெண்ணின் தாடை மட்டும்தான் தெரிந்தது. எத்தனை இரவு இந்தத் தாடை இந்த வீட்டில் சோறு மென்றிருக்கிறது. அவள் வாய் தானாகத் திறந்தது. சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. இப்போதே எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், தபால் நிலையத்துக்கு ஓடிவிடுவாள் போலத்தான் இருந்தது.

உள்ளறைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

சம்மட்டி வெளியே வந்தாள். குருவியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த குண்டூசி மெத்தையை எடுத்துக்கொண்டு அம்மாவின் எதிரே குந்தி உட்கார்ந்தாள். ஒரு குண்டூசியை உருவி, திறந்திருந்த அந்த வாயின் ஓரத்தில், உதடுகளுக்கு நடுவே வைத்தாள். அப்புறம் இன்னொன்று. சின்னக் குழந்தைக்கு ஊட்டுகிற பொறுமையோடு, எட்டு குண்டூசிகளையும் ஒவ்வொன்றாக வைத்தாள். உதடுகள் அவற்றைக் கவ்விக்கொண்டன. முப்பது ஆண்டுப் பழக்கம்.

“அளவு கச்சிதமா இருக்கட்டும்மா” என்றாள். “அடுப்புப் பக்கம் நிக்கிறவ. தடுக்கி விழுந்துடப்போறா.”

குருவி முக்காலி மேல் நின்றபடி காத்திருந்தாள். தையல்காரி விளிம்பை மடித்தாள். ஒன்றை எடுத்துக் குத்தினாள். முழங்காலில் லேசாகத் தட்டினாள். திரும்பு என்று அர்த்தம். குருவி திரும்பினாள். இன்னொன்று. இன்னொரு தட்டு. சுற்றி வந்தபோது ஏழு குண்டூசிகள் விளிம்பில் இருந்தன. எட்டாவதுக்கு உரிய இடம் நேர் எதிரே இருந்தது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் வாய் காலியாகிவிடும்.

அவள் அதை எடுக்கவில்லை. கையை அசைத்து, இறங்கு என்று காட்டினாள்.

பேக்கரிக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் பார்க்கலாம். தட்டு சுமக்கிற பெண்ணின் ஏப்ரன் முன்பக்கத்தில், நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு விளிம்பு தொங்கிக்கொண்டிருக்கும். தையல்காரியின் கையில் அப்படி ஒரு கோணல் வந்து யாரும் பார்த்ததில்லை. சரி செய்து வாங்கிக்கொள்ளேன் என்று பேக்கரிக்காரி சொல்லிப் பார்த்தாள். குருவி அதைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.